நீலத்தாடியின் மனைவி

பிரெஞ்சு தேசத்துக் கதைகளில் நெஞ்சை நடுங்க வைப்பது நீலத்தாடிக்காரனின் கதை. ஷார்ல் பெரோ என்பவர் 1697-இல் அச்சிட்ட தொகுதியில் அது வருகிறது. செல்வந்தன் ஒருவன் தன் இளம் மனைவியிடம் வீட்டுச் சாவிகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகிறான். ஓர் அறையை மட்டும் திறக்கலாகாது என்பது கட்டளை. திறக்காதே என்றால் திறக்காமல் இருக்க முடியுமா? உள்ளே, அவனுக்கு முன்பு வாழ்க்கைப்பட்ட பெண்களின் பிணங்கள்!

1929-இல் பாரிஸில் பியேர் ஆல்பேர்-பிரோ நடத்திய சிறிய நாடக சபையில் அந்த மனைவியாக மேடை ஏறியவர் கிளாட் காஹூன். முகமூடி போல் அப்பிய சாயமும் பின்னலிட்ட பொய்முடியுமாகக் காமிராவுக்கு முன்னும் நின்றார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. நாடகம் பார்த்தவர்கள் மறைந்து போனார்கள். படங்களில் அந்தப் பெண் இன்னும் பொம்மைபோல் விழித்துக்கொண்டு நிற்கிறாள்.

கிளாட் காஹூன் என்பது அவராகவே சூட்டிக்கொண்ட பெயர். 1894 அக்டோபர் 25 அன்று நாந்த் நகரில் பிறந்தபோது இட்ட பெயர் லூசி ஷ்வாப். தந்தை மொரீஸ் ஷ்வாப் அந்நகரத்துப் பத்திரிகை ஒன்றின் அதிபர். சிறிய தந்தை மார்செல் ஷ்வாப் பெயர் பெற்ற எழுத்தாளர். வீட்டில் பணத்துக்கும் புத்தகத்துக்கும் குறைவில்லை, நிம்மதிக்குத்தான் குறைவு. தாயார் மனநோயால் பீடிக்கப்பட்டு மருத்துவ விடுதியில் அடைக்கப்பட்டார். குழந்தையை வளர்த்தவர் பார்வை இழந்த பாட்டி மதில்டு காஹூன். டிரைபஸ் வழக்கின் காரணமாக யூதர் மீது வெறுப்பு பொங்கிய காலம் அது. யூதக் குடும்பத்துப் பெண் என்பதால் பள்ளியில் தொல்லை நேர, லூசியை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள்.

திரும்பி வந்தபின், 1909-இல், சூஸான் மலெர்ப் என்ற ஓவியம் பயிலும் பெண்ணுடன் நட்பு ஏற்பட்டது. அது காதலாகி ஆயுள் முழுவதும் நீடித்தது. விதியின் வேடிக்கையைப் பாருங்கள்: 1917-இல் லூசியின் தந்தை சூஸானின் விதவைத் தாயை மணந்துகொண்டார். காதலிகள் இருவரும் உலகத்தார் கண்ணுக்குச் சகோதரிகள் ஆகிவிட்டனர்! லூசி, பிரெஞ்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கிளாட் என்ற பெயரோடு பாட்டியின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். சூஸான் மார்செல் மூர் ஆனார்.

காமிராவுக்கு முன்னால்

பாரிஸில் அவர்கள் வீடே நாடகக் கொட்டகை. ஒரு படத்தில் தலையை முழுக்க மழித்துக்கொண்டு நிற்கிறார் காஹூன். மற்றொன்றில் கன்னங்களில் இதய வடிவம் தீட்டி, மடியில் எடைக்குண்டு வைத்திருக்கும் பயில்வான். வேறொன்றில் அலமாரித் தட்டிலே சுருண்டு படுத்துக் குழந்தைபோல் உறங்குகிறார். பல படங்களில் காமிராவை இயக்கியவர் மூர் என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். ஆகவே இவற்றைத் தனி ஒருவரின் சுயசித்திரம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. வேஷம் ஒருவருடையது, பார்த்த கண் மற்றவருடையது.

பழங்கதைகள் காஹூனை விடவில்லை. 1925-இல் பத்திரிகைகளில் வெளியான அவருடைய நாயகிகள் வரிசையில் ஏவாள், சலோமி, சிண்டரெல்லா எல்லோரும் வருகிறார்கள். ஆனால் பாட்டி சொன்ன மாதிரி அல்ல. அவருடைய சிண்டரெல்லா அடக்கத்தால் பரிசு பெற்ற அப்பாவி இல்லை; தாழ்ந்து கிடப்பதிலேயே இன்பம் கண்டவள். சாதுவான பெண் என்பதும் ஒரு வேஷம்தான் என்று அந்தக் காலத்தில் எழுதத் துணிச்சல் வேண்டும். 1937-இல் லீஸ் தெஹார்ம் எழுதிய குழந்தைப் பாடல் நூலுக்கும் காஹூன் படம் எடுத்தார். சிறு பொம்மைகளையும் செடி கொடிகளையும் அடுக்கி எடுத்த அந்தப் படங்களில் அழகும் அச்சமும் கலந்தே இருக்கும்.

ஆந்த்ரே பிரெத்தோன் முதலிய சர்ரியலிஸ்டுகளோடு அவருக்குப் பழக்கம் உண்டு. ஆனாலும் தம் சொந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை அவர் பொதுமக்களுக்குக் காட்டியதில்லை. 1930-இல் வந்த அவர் புத்தகத்தில் சில படங்கள் வெட்டி ஒட்டப்பட்டு இடம்பெற்றன. மற்றவை வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

பெயரில்லாத சிப்பாய்

1937-இல் இருவரும் பாரிஸை விட்டு, பிரெஞ்சுக் கரைக்கு அருகே உள்ள பிரிட்டிஷ் தீவான ஜெர்ஸியில், செயின்ட் பிரலேட் விரிகுடாவை அடுத்த ஒரு வீட்டில் குடியேறினர். ஊரார் அறிந்தது பழைய பெயர்களைத்தான். அமைதியான இரண்டு சகோதரிகள், அவ்வளவே.

1940 ஜூலையில் ஜெர்மானியர் தீவைப் பிடித்துக்கொண்டனர். யூத வம்சத்தவர் என்ன செய்ய வேண்டும்? ஒளிந்து கிடப்பதே புத்திசாலித்தனம். காஹூன் அப்படிச் செய்யவில்லை. மூருக்கு ஜெர்மன் மொழி தெரியும். லண்டன் வானொலிச் செய்திகளைக் கேட்டு, யுத்தம் தோற்றுக்கொண்டிருக்கிறது, அதிகாரிகள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் துண்டுக் காகிதங்களைத் தட்டச்சு செய்தார்கள். எழுதியது ஓர் ஆங்கிலேயனோ பிரெஞ்சுக்காரனோ என்று தோன்றக் கூடாது அல்லவா? பெயரில்லாத சிப்பாய் ஒருவன் தன் தோழர்களுக்கு எழுதுவதுபோல் கையெழுத்திட்டார்கள். நகரத்துக்குப் போய்ச் சிப்பாய்களின் சட்டைப் பைகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் நைஸாகச் செருகிவிட்டு வருவார்கள். பாரிஸில் விளையாட்டாகப் போட்ட வேஷம் ஜெர்ஸியில் உயிரைப் பணயம் வைத்துப் போட்டதாயிற்று.

ஏறக்குறைய நான்கு ஆண்டு இது நடந்தது. பெரிய சதிக் கூட்டம் ஒன்று இயங்குவதாகவே ஜெர்மானியர் எண்ணினர். 1944 ஜூலை 25 அன்று கதவைத் தட்டியவர்களுக்கு அகப்பட்டது, ஐம்பதை ஒட்டிய இரண்டு பெண்கள்! கைதானவுடன் இருவரும் மாத்திரைகளை விழுங்கினர், ஆனால் பிழைத்துக்கொண்டனர். நவம்பர் 16 அன்று ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மற்றக் குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை தனியே. சிறைவாசத்தை முடித்துவிட்டுத்தான் சுடப்பட வேண்டுமா என்று அங்கேயே கேட்டார்களாம். அந்த நிலையிலும் குறும்பு போகவில்லை.

1945 பிப்ரவரியில் மரண தண்டனை ரத்தாயிற்று. மே 8 அன்று விடுதலை. வீட்டுக்கு வந்தபோது கொள்ளை போனது பாதி, பாழானது பாதி. படங்களில் பலவும் அழிந்து போயின. அந்த மாதமே வீட்டு வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார் காஹூன். தலையில் துணி கட்டிய சாதாரண மூதாட்டிக் கோலம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், பற்களுக்கிடையே கடித்திருப்பது நாஜிகளின் கழுகுச் சின்னம்.

சிறையில் கெட்ட உடல் தேறவில்லை. 1954 டிசம்பர் 8 அன்று ஜெர்ஸியிலேயே காலமானார். மூர் 1972 வரை இருந்தார். அவருக்குப் பின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போக, எஞ்சிய படங்களும் அவற்றோடு கைமாறின. பிரான்சுவா லெபெர்லியே எழுதிய வாழ்க்கை வரலாறு 1992-இல் வெளிவந்த பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. தப்பிய படங்களின் பெருந்தொகுப்பு ஜெர்ஸித் தீவின் பாரம்பரிய நிறுவனத்திடம் இருக்கிறது.

செயின்ட் பிரலேட் தேவாலய மயானத்தில் இருவருக்கும் ஒரே கல்லறை. கல்லில் பொறித்திருப்பவை லூசி ஷ்வாப், சூஸான் மலெர்ப் என்ற பெயர்கள்.