நுண்மையை அளந்த தமிழர் சர் கே. எஸ். கிருஷ்ணன்

எங்கள் மணலியில் ஒருவன் இயற்பியல் படிக்கிறான் என்றால், ஆலையில் வேலை கிடைக்குமா என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். ஆராய்ச்சி என்பது எட்டாத கனி என்றே நம்மில் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவோர் அறிய வேண்டிய வாழ்க்கை, கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் அவர்களின் வாழ்க்கை என்பேன்.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் அவர் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார. இன்று தாம்பரத்தில் உள்ள அக்கல்லூரி, அந்நாளில் உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இருந்தது. மணலியிலிருந்து பேருந்தேறி நாம் சென்றிறங்கும் பாரிமுனைக்கு அருகில்தான்! பட்டம் பெற்றபின் அங்கேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். நண்பகல் இடைவேளையில் அவர் அறிவியல் பேசுவதைக் கேட்கப் பிற கல்லூரி மாணவர்களும் வருவார்களாம்.

1920இல் கல்கத்தா சென்றார்; 1923இல் சர் சி. வி. இராமனுடன் ஆய்வில் இணைந்தார். 1928இல் உலகம் வியந்த இராமன் விளைவில் அவர் உழைப்பும் கலந்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்குதான் அவர் காந்தவியலில் இறங்கினார்.

காந்தம் என்றதும் இரும்பே நம் நினைவுக்கு வரும். ஆனால் நீர், உப்பு, பென்சில் கரி ஆகியவற்றுக்கும் மிக மெல்லிய காந்தப் பண்பு உண்டு. படிகங்களில் அது திசைக்குத் திசை வேறுபடும். அந்த வேறுபாட்டை எப்படி அளப்பது? கிருஷ்ணன் ஒரு சிறு படிகத்தைக் குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தமுனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை முறுக்க முறுக்க, காந்தப்புலம் படிகத்தைப் பிடித்து நிறுத்தும். ஓர் எல்லையில் முறுக்கு வென்று, படிகம் சட்டெனத் திரும்பிவிடும். அந்த எல்லைக் கோணமே அவருக்குக் கணக்கைத் தந்தது.

இத்துணைச் சிறிய பண்பால் யாருக்கு என்ன பயன்? ஸ்டான்லி மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் காத்திருப்போரைக் கேளுங்கள்! கிருஷ்ணன் ஆராய்ந்தது பெரும்பாலும் எலக்ட்ரான்களின் காந்தப் பண்பு. ஸ்கேன் பயன்படுத்துவது அணுக்கருவின் காந்தப் பண்பு. இரண்டும் வேறு, ஆனால் இரண்டுமே மிக மிக மெலிந்தவை. உடலின் நீரிலுள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு நுண்காந்தம். 1.5 டெஸ்லா புலத்திலும், பத்து லட்சத்திற்கு ஏறத்தாழ ஐந்தே புலத்தின் திசையில் மிகுதியாக நிற்கும். ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை அவற்றைச் சாய்க்கிறது. அவை மீளும்போது எழும் சைகை திசுவுக்குத் திசு மாறுபடுகிறது. புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சற்றே மாற்றினால், சைகை பிறந்த இடமும் புலப்படும். இம்முறையில் 1973இல் லாட்டர்பர் முதற்படத்தை வெளியிட்டார். அதைக் காணக் கிருஷ்ணன் இல்லை, 1961இல் மறைந்துவிட்டார்.

1940இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர், 1946இல் சர் பட்டம், 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1954இல் பத்மபூஷண் எனப் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. ஆயினும் தமிழில் அறிவியல் எழுதுவதை அவர் சிறுமையாக எண்ணவில்லை.

நண்பர்களே! நம் ஆய்வுக்கூடத்திலும் இழை உண்டு, காந்தம் உண்டு, முறுக்கு ஊசலும் உண்டு. அளவு சிறியது என்று எதையும் தள்ளிவிடாத பொறுமையை மட்டும் நாம் கொண்டுவருவோமாக!