மொழிபெயர்ப்பு மேதை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்

அப்பாசியக் கலீபாக்களின் தலைநகராய் விளங்கிய பக்தாதில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாணவர் ஒருவர் பாடம் கேட்ட இடத்திலிருந்து விரட்டப்பட்டார். ஓயாமல் வினாத் தொடுத்ததே அவர் செய்த குற்றம். ஆசிரியர் யூஹன்னா இப்னு மாஸவைஹ் பெரும் மருத்துவர்; ஆயினும் பொறுமைக்குப் பெயர் பெற்றவரல்லர். ஹீரா நகரத்தாருக்கு மருத்துவம் எதற்கு, காசு மாற்றும் தொழிலே போதும் என்று இகழ்ந்து அனுப்பிவிட்டார். அழுதவாறு வெளியேறிய அந்த இளைஞரே, கிரேக்க மருத்துவத்தைப் பின்னாளில் அரபுலகிற்கு உரிமையாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக்.

ஹுனைன் 808ஆம் ஆண்டில், கூஃபாவுக்கு அருகிலுள்ள ஹீராவில் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். குடும்பத்தார் நெஸ்தோரியக் கிறித்தவ அரபியர். சுரியானி மொழி அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. விரட்டப்பட்ட பின் இரண்டாண்டுகளுக்கு மேல் அவரைப் பக்தாதில் கண்டவர் இலர். திரும்பி வந்தபோது ஹோமரின் காவியத்தைக் கிரேக்கத்திலேயே பாராயணம் செய்யும் புலமை பெற்றிருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அரண்மனை மருத்துவர் ஜிப்ரீல் இப்னு பக்தீஷூ அவர் திறன் கண்டு வியந்தார். இகழ்ந்த ஆசிரியரும் பகை மறந்தார். கிரேக்க மருத்துவர் காலனின் நூல்கள் சிலவற்றைத் தமக்காகச் சுரியானியில் பெயர்த்துத் தருமாறு பழைய மாணவரிடமே வேண்டினார்.

கலீபா முதவக்கில் பகைவனைக் கொல்ல நஞ்சு கேட்டதும், ஹுனைன் மறுத்துச் சிறை சென்றதும் பலரும் அறிந்த கதை. அதனினும் நாம் சிந்திக்கத்தக்கது அவர் வேலை செய்த முறையாகும்.

காலனின் நூல்களோ கடல் போன்றவை. கிரேக்கத்தில் ஆழ்ந்தவர் ஹுனைன். அவருடைய சகோதரி மகன் ஹுபைஷுக்குக் கிரேக்கம் அவ்வளவாக வாராது. ஆனால் சுரியானியிலிருந்து தெளிந்த அரபு நடையில் பெயர்ப்பதில் வல்லவர். மாணவர் ஈஸா இப்னு யஹ்யாவும் அத்தகையவரே. எனவே ஹுனைன் கிரேக்கத்திலிருந்து சுரியானிக்குக் கொணர, மற்றவர்கள் அதனை அரபுக்குக் கொண்டுசென்றனர். மகன் இஸ்ஹாக் தத்துவத்திலும் கணித நூல்களிலும் ஈடுபட்டார். யூக்ளிடின் வடிவக்கணிதத்தை அவர் அரபாக்கிய பின், ஹர்ரான் நகரத்து ஸாபித் இப்னு குர்ரா அதனைத் திருத்தினார். கணிதம் ஸாபிதின் கலை. மொழி இஸ்ஹாக்கின் கலை. ஸாபித் ஸாபியீ சமயத்தவர். இவர்களுக்கெல்லாம் பொருள் வழங்கிய பனூ மூஸா சகோதரர்கள் முஸ்லிம்கள். திங்கள்தோறும் 500 தீனார் வரை அவர்கள் மொழிபெயர்ப்புக்குச் செலவிட்டதாக இப்னு நதீம் குறித்துள்ளார். (இப்பணியெல்லாம் பைத்துல் ஹிக்மாவில் நடந்தது என்று நம் நூல்கள் பல எழுதிவிடுகின்றன. ஹுனைன் தம் பணியைப் பற்றி எழுதிய நிருபத்தில் அப்பெயரே இல்லை.)

அந்த நிருபம் ஓர் அரிய ஆவணம். 856ஆம் ஆண்டில், அலீ இப்னு யஹ்யா என்பாருக்காக எழுதப்பட்டது. காலனின் நூல்கள் 129ஐ வரிசைப்படுத்தி, எதை யார் பெயர்த்தார், யாருக்காகப் பெயர்த்தார், பெயர்ப்பு எத்தரத்தது என்று ஒளிவின்றி உரைக்கிறது. தம் குறையையும் ஹுனைன் மறைக்கவில்லை. இருபது வயதளவில் பிழை மலிந்த ஒரே சுவடியைக் கொண்டு ஒரு நூலைப் பெயர்த்ததாக ஒப்புக்கொள்கிறார். நாற்பதை எட்டியபோது, அதைத் திருத்தித் தருமாறு கேட்டவர் மாணவர் ஹுபைஷ். அதற்குள் கிரேக்கச் சுவடிகள் சில சேர்ந்திருந்தன. அவற்றை ஒப்புநோக்கிச் சரியான மூலத்தை முதலில் அமைத்து, பின்னரே பழைய பெயர்ப்பை அதனோடு வைத்துத் திருத்தினார். சுவடி ஒப்பீடு பயிலும் நம் தமிழ்த்துறை மாணவர்கள் இம்முறையை உடனே இனங்காண்பர். காலனின் தருக்க நூலொன்றைத் தேடி அவர் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எங்கும் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றார். டமாஸ்கஸில் பாதியளவே கிடைத்தது.

வினாக் கேட்டதற்காக விரட்டப்பட்டவர், மருத்துவ மாணவர்களுக்கென எழுதிய நூலை வினாவிடையாகவே அமைத்தார். அதனை நிறைவு செய்தவர் ஹுபைஷ். கண் மருத்துவம் பற்றி முப்பதாண்டுகளில் தனித்தனியே எழுதிய கட்டுரைகளைத் தொகுத்துப் பத்தாவதையும் சேர்க்கச் செய்தவரும் அவரே. ஆயினும் ஹுபைஷின் பெயர்ப்புகள் பல ஹுனைனின் பெயரிலேயே வழங்கலாயின. புள்ளியிடாத அரபு எழுத்தில் இரு பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். ஹுபைஷ் என்று கண்ட இடத்தைப் பிழையென எண்ணி ஹுனைன் என்று திருத்தியவர்களும் உண்டாம். புகழ் பகிரப்படவில்லையே என்ற வருத்தம் நமக்கு எழுகிறது. நிருபத்தைப் பொறுத்தவரை ஹுனைன்மீது பழியில்லை. ஹுபைஷின் பங்கை அவர் பெயர் சுட்டியே எழுதியிருக்கிறார்.

டயாஸ்கோரிடிஸின் மூலிகை நூலை அரபாக்கியவர் இஸ்திஃபன் இப்னு பாஸில், சரிபார்த்தவர் ஹுனைன். அரபுப் பெயர் தெரியாத செடிகள் பல இருந்தன. ஊகித்து ஒரு பெயரை இடாமல், பின்னர் அறிந்தவர் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையில் கிரேக்கப் பெயரையே அரபு எழுத்தில் விட்டுவைத்தனர். ஹுனைன் 873ஆம் ஆண்டில் மறைந்தார். அந்த இடங்கள் நிரப்பப்படாமலே நூல் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா வரை சென்றது.

948ஐ ஒட்டிக் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசர், அந்நூலின் கிரேக்கப் படியொன்றைக் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குப் பரிசாக அனுப்பினார். அதைப் படித்துப் பொருள் சொல்லக் குர்துபாவில் ஆளில்லை. கலீபாவின் வேண்டுகோளின்படி 951இல் நிகோலாஸ் என்னும் துறவி வந்து சேர்ந்தார். அவர் சொல்லின் பொருளைச் சொன்னார். யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் முஸ்லிம் மருத்துவர்களும் செடியை இனங்கண்டனர். சிசிலியைச் சேர்ந்த ஒருவர் கிரேக்கமும் மருந்தும் ஒருங்கே அறிந்திருந்தார். இச்செய்தியை எழுதிவைத்த இப்னு ஜுல்ஜுல் அவர்கள் காலத்தவர். அற்பமான சில செடிகள் நீங்கலாக, பக்தாதில் விடப்பட்ட பெயர்கள் அனைத்துக்கும் குர்துபாவில் விடை கிடைத்தது என்கிறார் அவர்.