காற்றைப் பணிகொண்ட ஆசிரியர்

இயற்கை மக்களுக்கு வழங்கியுள்ள செல்வங்களுள் காற்றும் ஒன்று. அது விலை கொடுத்து வாங்க வேண்டாத செல்வம். ஆயினும் விரும்பிய நேரத்தில் விரும்பிய அளவில் கிடைப்பதன்று. ஒருநாள் மரத்தை வேரோடு சாய்க்கும். மறுநாள் இலையையும் அசைக்காது. இத்தகைய காற்றைப் பணிகொண்டு, சிற்றூர் மக்களின் இல்லங்களிலும் மின்விளக்கு ஏற்ற இயலும் என்று காட்டியவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் போல் லா கூர் ஆவார்.

லா கூர் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 13-ஆம் நாள், ஜட்லாந்துப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்று, வானிலை ஆராய்ச்சியில் தேர்ச்சி பெற்றார். 1872-ஆம் ஆண்டில் டென்மார்க்கு வானிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியபொழுது, அதன் துணைத் தலைவராக அமர்ந்தார். ஒரே கம்பியின் வழியாக ஒரே காலத்தில் பல தந்திச் செய்திகளை அனுப்பும் முறையையும் அவர் கண்டறிந்தார். அந்நகரிலேயே தங்கியிருந்தால் பதவியும் புகழும் அவரை நாடி வந்திருக்கும். அவரோ 1878-ஆம் ஆண்டில் தலைநகரை விட்டு நீங்கி, அஸ்கோவ் என்னும் சிற்றூரில் இருந்த மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

அப்பணியின் பெருமையை உணரவேண்டுமாயின், அக்கால டென்மார்க்கின் நிலையை அறிதல் வேண்டும். 1864-ஆம் ஆண்டுப் போரில் அந்நாடு தோல்வியுற்று, தன் நிலப்பரப்பில் கணிசமான ஒரு பகுதியை இழந்திருந்தது. இழந்த வலிமையைக் கல்வியாலும் உழைப்பாலும் மீண்டும் பெறலாம் என நம்பிய சான்றோர், உழவர் வீட்டு இளைஞர்களுக்கென நாட்டுப்புறங்களில் பள்ளிகளை நிறுவினர். லா கூர் அப்பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பித்தார்.

அந்நாளில் மின்சாரம் நகரங்களில் பரவத் தொடங்கியது. நீராவி எந்திரங்கள் நிலக்கரியை எரித்து அதனை ஆக்கின. டென்மார்க்கிலோ நிலக்கரி வளம் இல்லை. அதனை அயல்நாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கவேண்டும். ஆதலின் மின்சாரத்தின் நன்மை நகரத்தாரோடு நின்றுவிடுமோ, ஒளியையும் தொழிலையும் நாடிச் சிற்றூர் இளைஞர் ஊரை விட்டு நீங்குவரோ என்ற கவலை லா கூரின் உள்ளத்தை வருத்தியது. தம் நாட்டில் ஓயாது வீசும் கடற்காற்றை அவர் நோக்கினார். அதுவே சிற்றூர்களின் நிலக்கரியாகும் எனத் துணிந்தார்.

அரசாங்கம் பொருளுதவி செய்தது. 1891-ஆம் ஆண்டில் அஸ்கோவில் ஆராய்ச்சிக் காற்றாலை ஒன்று எழுந்தது. தொடக்கத்திலேயே இரண்டு இடர்கள் எதிர்ப்பட்டன. காற்று விரைந்து வீசினால் டைனமோ மிகையாகச் சுழலும், தளர்ந்தால் மெலிந்துவிடும். கப்பிகளையும் எடைகளையும் கொண்டு, காற்றாலையின் ஆற்றல் டைனமோவிற்கு ஒரே சீராகச் சென்று சேரும்படி ஒரு கருவியை அமைத்து அவர் இவ்விடரைக் களைந்தார்.

காற்றில்லாத நாளில் விளக்கு எரிவது எவ்வாறு? இதுவே இரண்டாம் இடர். காற்றுள்ள நாளில் கிடைத்த மின்சாரத்தை நீரில் செலுத்தி, ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துச் சேமித்தார். 1895-ஆம் ஆண்டு முதல் 1902-ஆம் ஆண்டு வரை அப்பள்ளிக்கு ஒளி தந்தது இந்த ஹைட்ரஜனே. இரு வாயுக்களும் தவறிக் கலந்தமையால் வெடிப்புகளும் நேர்ந்தன. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. எனினும் அவர் மனந்தளராது முறைகளைத் திருத்திக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

அவருடைய ஆராய்ச்சிகளுள் தலைசிறந்தது இறக்கைகளைப் பற்றியதாகும். காற்றாலையின் உயிர்நிலை இறக்கையே அன்றோ? இறக்கை எத்தனை இருத்தல் வேண்டும், எவ்வளவு சாய்தல் வேண்டும், தட்டையாக இருத்தல் நன்றா, வளைந்திருத்தல் நன்றா என்னும் வினாக்களுக்கு, ஆலை கட்டுவோர் பழக்கத்தையே விடையாகக் கொண்டிருந்தனர். லா கூர் அளந்தறிய விரும்பினார். 1896-ஆம் ஆண்டளவில், விசிறியால் காற்றைச் செலுத்தும் குழாய்களை அமைத்து, அக்காற்றின் முன் சிறிய மாதிரி இறக்கைகளை நிறுத்தி, அவற்றின்மீது உண்டாகும் விசையை நுட்பமாக அளந்தார்.

அதனால் சில உண்மைகள் தெளிவாயின. காற்று இறக்கையின் முன்புறத்தைத் தள்ளுவதோடு அமைவதில்லை. பின்புறத்தில் இழுவிசையையும் உண்டாக்குகின்றது. ஆதலின் தட்டைப் பலகையினும் சற்றே வளைந்த பலகை மிகுந்த பயன் தரும். இறக்கையின் நுனி விரைந்தும் அடிப்பகுதி மெதுவாகவும் சுழலுகின்றமையால், அடியில் சாய்வு மிகுந்தும் நுனியில் குறைந்தும் இருத்தல் வேண்டும். இறக்கைகளைப் பெருக்கினால் ஆற்றல் அவ்வளவிற்குப் பெருகிவிடாது. நன்கு அமைந்த நான்கு இறக்கைகள் விரைந்து சுழன்று டைனமோவை இயக்கப் போதுமானவை. பல இறக்கைகளுக்கு ஆகும் மரமும் கூலியும் இதனால் மிஞ்சின. விலையுயர்ந்த பொருள் தராத பயனைச் சரியான வடிவம் தரும் என்பதே இவ்வாராய்ச்சி புகட்டும் பாடமாகும்.

இவ்வுண்மைகளை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. 1900-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டு, காற்றாலை கட்டுவோர் யாவரும் பயன்கொள்ளச் செய்தார். 1903-ஆம் ஆண்டில் சிற்றூர்களுக்கு மின்சாரம் வழங்கும் நோக்குடன் ஒரு சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. அடுத்த ஆண்டில், நாட்டுப்புற இளைஞருக்கு மின்தொழில் கற்பிக்கும் வகுப்புகள் அஸ்கோவில் தொடங்கின. எந்திரத்தை ஊருக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. அதனை இயக்கவும் பழுது பார்க்கவும் வல்லவர் அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1908-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்களில் லா கூர் இயற்கை எய்தினார். அவர் நட்ட வித்து அவருக்குப்பின் மரமாயிற்று. முதல் உலகப் போரின்போது நிலக்கரியும் எண்ணெயும் அரியவாகிய காலத்தில், காற்றாலைகளே பல சிற்றூர்களுக்குத் துணைநின்றன. 1918-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 120 நாட்டுப்புற மின்நிலையங்களில் காற்றாலைகள் இயங்கின. 1904-ஆம் ஆண்டு வகுப்பில் பயின்ற ஜோஹானஸ் யூல் என்னும் மாணவர், 1957-ஆம் ஆண்டில் கெட்சர் என்னுமிடத்தில் மூன்று இறக்கைகளுடன் 200 கிலோவாட் ஆற்றலுள்ள காற்றாலையை இயக்கிக் காட்டினார். பின்னாளில் உலகெங்கும் பரவிய காற்றாலைகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. இன்று டென்மார்க்கு நாடு தனக்கு வேண்டும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் காற்றிலிருந்தே பெறுகின்றது.

தலைநகரின் உயர்பதவியைத் துறந்து சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்ற ஓர் ஆசிரியரின் உழைப்பே இவ்வளவிற்கும் அடிப்படையாகும். அருகில் எளிதாகக் கிடைக்கும் பொருளை இகழாது, அதன் இயல்பை அளந்தறிந்து, அறிந்ததைப் பிறர்க்கும் கற்பித்தலே கற்றவரின் கடமை என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.