இரு மொழிகளின் ழொரேஸ்

பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழொரேஸ் என்றதும், 1914 ஜூலை 31 அன்று பாரிஸில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டதே பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கோ, தென்பிரான்ஸின் தார்ன் பகுதியில் உழவர்களிடம் அவர்களது ஒக்சிதான் மொழியிலேயே உரையாற்றிய ழொரேஸ்தான் முதலில் தோன்றுகிறார்.

1859இல் காஸ்த்ர் என்னும் சிறு நகரில் பிறந்து, அருகிலிருந்த சிறு பண்ணையில் வளர்ந்தவர் அவர். ஊரார் பேசியது ஒக்சிதான். பள்ளி ஏற்றது பிரெஞ்சை மட்டுமே. தாய்மொழியைக் கொச்சை என்று இகழ்ந்து, அதைப் பேசிய பிள்ளைகளைத் தண்டித்த பள்ளிகள் பல. பாரிஸில் தத்துவம் பயின்ற ழொரேஸ், ஆல்பி நகருக்கு ஆசிரியராகத் திரும்பினார். 1892இல் கார்மோ சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். மறு ஆண்டே அத்தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்றார்.

1911இல் தென்னமெரிக்கா சென்றபோது, பிரெஞ்சையும் ஒக்சிதானையும் துணைகொண்டே போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் சில நாட்களில் தமக்குப் புரியத் தொடங்கியதைக் கண்டார். இகழப்பட்ட மொழி உலகுக்கே வாசல் திறந்தது! தென்பகுதிப் பள்ளிகளில் இரு மொழிகளையும் ஒப்பிட்டுக் கற்பிக்க வேண்டும் என்று உடனே எழுதினார். அரசு செவிசாய்க்கவில்லை. ஒக்சிதானை விருப்பப்பாடமாகவேனும் கற்பிக்க வழிசெய்த சட்டம் 1951இல்தான் வந்தது. அதற்குள் வீடுகளிலேயே அம்மொழி தேயத் தொடங்கியிருந்தது.

பிரெஞ்சை அவர் எதிர்க்கவில்லை. அதைக் கற்பதற்கு விலையாகக் குழந்தை தன் மொழியை இழக்க வேண்டியதில்லை என்றே கருதினார். அரசுகள் இன்றும் கற்க வேண்டிய பாடம் இதுவே.