ராம் நாத் சோப்ரா

சர் ராம் நாத் சோப்ரா (ஆகஸ்ட் 17, 1882 - ஜூன் 13, 1973) இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் அறிஞர் ஆவார். குஜ்ரன்வாலாவில் (தற்போது பாகிஸ்தானில் உள்ளது) பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் வால்டர் டிக்சனிடம் மருந்தியல் பயின்றார். டிக்சன், கஞ்சாவையும் மாயக்காட்சி தரும் பெயோட்டிக் கள்ளியையும் ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1921 இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். இவர் தலைமையிலான குழுவின் 1931 ஆம் ஆண்டு அறிக்கையே 1940 ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தது.

சர்ப்பகந்தா ஆய்வு

சர்ப்பகந்தா வேர் பீகாரில் பைத்திய மருந்து என்றே வழங்கப்பட்டது. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931 இல் அதன் பயனை மனநோயாளிகளிடம் கண்டு எழுதினர். சோப்ராவும் உடனாய்வாளர்களும் 1933 இல் அவ்வேரின் ஆல்கலாய்டு ஒன்றைச் சோதித்து, அது இரத்த அழுத்தத்தைக் குறைத்து நரம்புகளை அமைதிப்படுத்துவதாக அறிவித்தனர். மேலை மருத்துவ உலகம் இதனை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. 1952 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். 1954 இல் அமெரிக்காவின் நேதன் கிளைன் அதனை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டதாகக் கூறப்பட்டதாலும் புதிய மருந்துகள் வந்ததாலும் பின்னர் இதன் பயன்பாடு அருகியது. எனினும் ரெசர்ப்பின் மூளையின் செரோட்டோனினைக் குறைப்பது 1955 இல் அறியப்பட்டது. எல்.எஸ்.டி. ஆய்வுகளும் அக்காலத்தில் செரோட்டோனினையே சுட்டின. இன்று மனச்சோர்வுக்காகச் சோதிக்கப்படும், காளான்களில் உள்ள சைலோசைபினும் உடலில் மாற்றமடைந்து செரோட்டோனின் ஏற்பிகளிலேயே செயற்படுகிறது.

பிற்காலம்

1941 இல் சர் பட்டம் பெற்ற சோப்ரா, பின்னர் காஷ்மீரில் மருந்து ஆய்வுக்கூடத்தை நடத்தினார். இந்தியாவில் கஞ்சாப் பயன்பாடு பற்றி இவர் இணைந்து எழுதிய கட்டுரை, ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் இதழில் 1957 இல் வெளிவந்தது.