புறாக்களை ஆராய்ந்த வாலஸ்

கோபுர மாடங்களில் உறையும் சாம்பல் நிறப் புறாவையே கண்டு பழகிய நமக்கு, செந்நிற முடியும் பொன்னிறத் தோளும் உடைய புறாவொன்று உண்டென்பது வியப்பாகவே தோன்றும். ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட தீவுகள் சிலவற்றில் வாழும் அப்பறவைக்கு 1858-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் அறிஞரின் பெயரை இட்டனர். அவர்தம் வரலாற்றை அப்புறாக்களையொட்டி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

வாலஸ் 1823-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் ஊரையடுத்துப் பிறந்தார். குடும்ப வறுமையால் 14 வயதளவிற் பள்ளியை விடுத்துத் தமையனாருடன் நிலம் அளக்கும் தொழில் புரிந்தார். கல்லூரி வாயிலை மாணவராக அவர் மிதித்ததேயில்லை. 1848-இல் அமேசான் காடுகளுக்குச் சென்று, 1852-இல் திரும்புகையில் நடுக்கடலிற் கப்பல் தீப்பற்றியது. தமக்கென வைத்திருந்த பறவைகளும் பூச்சிகளும் எரிந்தொழிய, 10 நாட்கள் படகில் மிதந்து உயிர் பிழைத்தார். பிறராயின் கடற்பயணத்தையே வெறுத்திருப்பர். அவரோ 1854-இல் சிங்கப்பூர் வந்திறங்கினார்.

அதன்பின் எட்டாண்டுகள் மலாய்த் தீவுகளில் அலைந்தார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர் வழித்துணையாகவும் பறவை வேட்டையில் வலக்கையாகவும் இருந்தார். சேர்த்த உயிர்ப்பொருள்கள் 1,25,000-க்கு மேற்பட்டவை. அவற்றுட் பறவைகள் 8,000-க்கு மேல். அவற்றுட் பலவற்றை இலண்டனில் விற்ற பொருளே அவர்க்கு ஊணும் வழிச்செலவும் ஆயிற்று. தாம் போற்றிய பறவையைத் தாமே கொன்று விற்க நேர்ந்த அவர் நிலையை நாம் எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை.

1857-இல் பண்டாத் தீவில் அவர் கண்ட பெரும்புறா சாதிக்காயை முழுதாக விழுங்குவது. மேலுள்ள சாதிபத்திரி செரித்துவிடும். கொட்டை பழுதின்றி வெளிப்பட்டு வேறிடத்தில் முளைக்கும். மென்மையான சிற்றலகால் அத்துணைப் பெருங்கனியை எங்ஙனம் விழுங்குமெனின், அதன் வாயும் தொண்டையும் பெரிதும் விரிந்து கொடுக்குமென்க.

கிழக்குத் தீவுகளில் மட்டும் புறாக்கள் இத்துணை வகையாகவும் நிறமாகவும் பெருகியதேன்? 1865-இல் வெளியிட்ட கட்டுரையில் வாலஸ் இதற்கு விடை கண்டார். புறாவின் கூடு சில சுள்ளிகளை ஒழுங்கின்றி அடுக்கியது. முட்டை வெண்ணிறமாய்க் கண்ணிற்படுவது. குஞ்சோ நெடுநாள் வலியற்றது. முட்டையும் குஞ்சும் கவரும் குரங்கு முதலியன இல்லாத தீவுகளில் அவ்வினம் தழைத்ததென்றும், பகை குறைந்தவிடத்தில் ஒளிர்நிறம் கேடாகாதென்றும் அவர் கருதினார். குரங்கும் புறாவும் ஒருங்கே வாழும் சுலவேசித் தீவை நோக்க, இஃதொன்றே காரணமென்பது மிகையென எமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் குவாம் தீவிற் புகுந்த பழுப்பு மரப்பாம்பு 1980-களுக்குள் அங்கிருந்த பழந்தின்னிப் புறாவை அறவே ஒழித்தமை, அவர் கருத்தின் வலிமையைக் காட்டும்.

உயிரினங்கள் மாறிவரும் முறைபற்றி 1858-இல், காய்ச்சலுற்ற நாட்களில், அவர் எழுதி டார்வினுக்கு விடுத்த கட்டுரையை உலகமறியும். முதன்மைப் புகழ் டார்வினையே சேர்ந்தது. வாலஸ் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. 1869-இல் வெளியான தம் பயண நூலை டார்வினுக்கே உரிமையாக்கினார். பின்னாளிற் பொருள்முடை வந்தபோது, 1881-இல் ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவி கிடைக்க முயன்றவர் அந்த டார்வினே. வாலஸ் 1913-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், தமது 90-ஆம் வயதில், பிராட்ஸ்டோன் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.