பட்டாவும் கிஸ்தியும்: தருமபுரியில் பணியாற்றிய தாமஸ் மன்றோ



உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டாவுக்கும் நம் மாவட்டத்துக்கும் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள தாமஸ் மன்றோவின் வாழ்க்கையை அறிய வேண்டும்.

மன்றோ 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு மாறியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள்தான் அன்றைய பாராமகால். அங்கே நிலத்தை அளந்து வரி விதிக்கும் பொறுப்பு கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் தரப்பட்டது. அவருடைய உதவியாளர்களில் ஒருவராக மன்றோ 1799 வரை தருமபுரியில் பணியாற்றினார்.

இடையில் குத்தகைதாரர் யாரும் இல்லாமல், உழுகிறவர் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து அவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்குதான் உருவானது. ஆனால் 1802-க்குப் பிறகு கம்பெனி இதைக் கைவிட்டு, கிராமங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டது. மிட்டாதாரர்கள் பலர் தவணை கட்ட முடியாமல் நொடித்துப் போனார்கள்.

ரயத்துவாரியிலும் சுமை குறைந்துவிடவில்லை. கிஸ்தியைப் பணமாகவே கட்ட வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கடன் வாங்கித்தான் கட்ட முடிந்தது. இதை மன்றோ அறிந்திருந்தார். பிறகு கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் கலெக்டராக இருந்தபோது, விளைச்சலில் ஏறத்தாழ 45 சதவீதம் வரியாகப் போவதாகக் கணக்கிட்டார். அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் நிலத்துக்கு மதிப்பு வரும் என்று கருதி, 1807-ல் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார். கிணற்றுப் பாசன நிலத்துக்கு, விவசாயியே கிணற்றைப் பராமரித்தால், மேலும் 8 சதவீதம் குறைக்கவும் பரிந்துரைத்தார். உழைத்து இறைத்த தண்ணீருக்கு வரி ஏறினால் யார் கிணறு வெட்டுவார்? கம்பெனிக்கோ உடனடி வருமானம்தான் முக்கியம். அன்று அது ஏற்கப்படவில்லை.

1820-ல் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானார். ரயத்துவாரி மாகாணமெங்கும் பரவியது. 1827 ஜூலை 6-ல் பத்திகொண்டாவில் காலரா நோயால் இறந்தார்.

இன்று நிலவரி பெரிய சுமை இல்லை. ஆனால் அன்று வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட பதிவுதான் இன்று உங்களுக்குப் பாதுகாப்பு. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நிவாரணம் எல்லாவற்றுக்கும் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் வறட்சி ஆண்டில் அலைச்சல் உங்களுக்குத்தான்.

ஆகவே பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் சரிபாருங்கள். சாகுபடி செய்த பயிர் அடங்கலில் ஏறியுள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பிழை இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுங்கள்.